பழம்பாட்டும் இளஞ்செவியும்: மட்டக்களப்புக் கூத்திசை பற்றிய ஒரு நோக்கு

தலைமுறை மாறுந்தோறும் இசைச்சுவையும் மாறும் என்பது பலரும் ஆராயாது ஒப்புக்கொள்ளும் கருத்தாகும். தந்தை விரும்பிக் கேட்ட பாட்டு மைந்தனுக்குக் கைக்கும். மைந்தன் போற்றுவதைப் பேரன் எள்ளி நகைப்பான் என்பர். உலகியலோ இதற்கு முற்றும் உடன்பட்டு நிற்கவில்லை. மேனாட்டில் 'றொக்' எனப்படும் இசை 1950களில் இளைஞரின் கிளர்ச்சிக் குரலாய் எழுந்தபோது, அஃது ஈராண்டு மூவாண்டு நின்று மறையும் பித்து என்றே முதியோர் பலர் கருதினர். எழுபதாண்டு கழிந்த பின்பும் அவ்விசை மறைந்தபாடில்லை. 1970ஆம் ஆண்டிற் கலைந்துபோன பீற்றில்ஸ் குழுவினரின் பழைய ஒலிப்பதிவு ஒன்று புதுக்கப்பெற்று 2023ஆம் ஆண்டு வெளிவந்து, இங்கிலாந்தின் பாடல் வரிசையில் முதலிடத்தை அடைந்தது. கேற் புஷ் என்னும் பாடகி 1985இற் பாடிய பாட்டு, தொலைக்காட்சித் தொடரொன்றில் இடம்பெற்றதன் பயனாய் 2022ஆம் ஆண்டு அதே வரிசையின் தலைமையை எய்தியது. அதனை அவ்விடத்துக்கு உயர்த்தியோருட் பலர், அது முதன்முதல் வெளிவந்த காலத்திற் பிறந்திராத இளைஞர் ஆவர்.

இதற்குக் காரணம் கூறப் புகுவோர் பொதுவாக இரண்டு விடைகளைத் தருவர். பழையன யாவும் சிறந்தன, ஆதலின் நிலைத்தன என்பது ஒன்று. வணிகர் தம்மிடமுள்ள பழஞ்சரக்கையே மீண்டும் மீண்டும் சந்தைக்குக் கொணர்கின்றனர் என்பது மற்றொன்று. முதலாவது விடை பொருந்தாது. அக்காலத்துப் பாடல்களுட் பெரும்பாலன மறக்கப்பட்டன, எஞ்சியவை ஒருசிலவே. இரண்டாவது ஓரளவு உண்மையாயினும், வணிகன் கையிற் கொடுப்பதை எல்லாம் இளைஞன் வாங்கிவிடுவதில்லை. பழைய நினைவில் திளைத்தல் என்பதும் இங்கே பொருந்தாது; தாம் வாழ்ந்திராத ஒரு காலத்தை எண்ணி ஒருவர் ஏங்குதல் எங்ஙனம்? ஆகவே விடையை வணிகத்துக்குப் புறம்பான ஓரிடத்தில், வணிகனே தலையிடாத ஓர் இசையில் தேடிப்பார்ப்பது பயனுடையது. அத்தகைய இசை மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உண்டு.

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது குருக்கள்மடம். கிழக்கே வங்கக் கடலின் அலை. மேற்கே வாவியின் அமைந்த நீர். அவ்வூர்த் துறையிலிருந்து தோணியேறினால் எதிர்க்கரையில் அம்பிளாந்துறையை அடையலாம். கதிரவன் எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், அவன் படும் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவர். திசையை இவ்வளவு அழகாகப் பெயரில் அடக்கிய நாடுகள் மிகச் சிலவே. பெருந்தெருவும் நகரின் தொடர்பும் எழுவான்கரைக்கு உரியன. வயலும் காடும் பழைய வழக்கமும் படுவான்கரையில் மிகுந்துள்ளன. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்தபின், ஓய்வான இரவுகளிற் படுவான்கரை ஊர்களில் மத்தளம் ஒலிக்கத் தொடங்கும். நீர்ப்பரப்பு ஒலியைத் தடையின்றிக் கொண்டுவரும் இயல்புடையது ஆதலின், அக்கரைக் களரியின் ஓசை இக்கரையார் செவிக்கும் எட்டும்.

இவ்வாவியே இசையுடையது என்னும் நம்பிக்கையும் நெடுங்காலத்தது. நிலவு நாளில் நீரடியிலிருந்து எழும் ஒலியைப் பாடும் மீனின் இசை என்பர். இக்கரையோரத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கற்பித்துப் பாடியதும், தம் வாழ்நாளின் இறுதி ஆண்டிலே யாழ்நூலை வெளியிட்டதும் தமிழுலகம் அறிந்தன. பழந்தமிழிசையின் சுரநிலைகளைக் கணிதத்தால் மீட்க அவர் முயன்ற அதே நாளில், அவர் பிறந்த நாட்டின் உழவர் கணிதம் ஏதும் அறியாது இன்னொரு பழைய இசையைத் தம் மிடற்றில் வைத்துக் காத்துவந்தனர். அதுவே கூத்திசை.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடிக் கூத்துகள் பெரும்பாலும் பாரத இராமாயணக் கதைகளையும் அவற்றின் போர்களையும் பொருளாகக் கொண்டவை. ஆட்டம் விரைவும் வீறும் உடையது. அரசரும் வீரரும் அணியும் கரப்புடுப்பும் முடியும் பாரமானவை. தென்மோடியில் காதலும் கற்பனைக் கதையும் மிகுதி, உடை இலேசானது, ஆட்ட நுணுக்கமும் பாட்டை நீட்டி இசைக்கும் இயல்பும் அதன் சிறப்பு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டு பதிப்பித்த 'அலங்காரரூபன் நாடகம்' தென்மோடியைச் சார்ந்தது. இரு மோடிகளும் வட்டக்களரியிலேயே ஆடப்படுவன. மண்ணை அணைத்து வட்டமாக உயர்த்திய மேடை; சுற்றிலும் நாற்புறமும் மக்கள்; நடுவே மத்தளத்துடன் அண்ணாவியார், தாளக்காரர், பக்கப்பாட்டுக்காரர்; கொப்பியைக் கையிற்கொண்டு அடியெடுத்துக் கொடுக்கும் ஒருவர். கூத்து இரவு தொடங்கி விடியுமட்டும் நிகழும்.

இக்கூத்திற் பாடல் நிகழும் முறையே ஈண்டு முதன்மையாக நோக்கத்தக்கது. கூத்தன் தன் வரவுத் தாளத்துக்கு ஏற்ப ஆடிவந்து தன் தருவைப் பாடுவான். அவன் பாடியதைப் பக்கப்பாட்டுக்காரர் உடனே வாங்கித் திருப்பிப் பாடுவர். அவர் பாடும்போது கூத்தன் ஆடுவான். அவர் நிறுத்தும்போது அவன் அடுத்த அடியைத் தொடுப்பான். ஆகவே ஒவ்வோர் அடியும் இருமுறையேனும் செவியில் விழுகின்றது. முதன்முறை கேட்கும்போது அது கூத்தனின் பாட்டு. இரண்டாம் முறை கேட்கும்போது அது களரியைச் சூழ்ந்திருப்போர் அனைவரதும் பாட்டு. பாயில் அமர்ந்திருக்கும் சிறுவன் அவ்விரண்டாம் முறையிலே தன் வாயையும் திறக்கின்றான். அவனை எவரும் தடுப்பதில்லை. தடுப்பதற்கு மேடைக்கும் அவனுக்கும் இடையிலே திரையும் இல்லை. விடியற்காலத்தில் வீடு திரும்பும் பிள்ளைகள் வழிநெடுகத் தருக்களைப் பாடிச் செல்வதும், மறுநாள் வயல்வரம்பில் பனைமட்டையை வாளாக்கி ஆடுவதும் அவ்வூர்களில் வழிவழி வந்தவை. கேட்போன் நுழைவதற்கென்றே பாட்டின் உள்ளே ஓரிடம் விடப்பட்டிருக்கின்றது.

இவ்வமைப்பு கூத்துக்கு மட்டும் உரியதன்று. குவீன் என்னும் ஆங்கிலக் குழுவினர் 1977இல் வெளியிட்ட 'வீ வில் றொக் யூ' என்னும் பாட்டு, பெரும்பகுதியும் இசைக்கருவி இன்றியே நடப்பது. இருமுறை காலால் மிதித்து ஒருமுறை கைதட்டும் தாளமும் மனிதக் குரலுமே அதன் உடல். கித்தார் இறுதியிலே வந்து சேர்கின்றது. கூட்டத்தினர் தாமும் பங்குகொள்ளத்தக்க பாட்டாக இருத்தல் வேண்டும் என்று கருதியே பிரையன் மே அதனை இயற்றினார். இன்று உலகின் விளையாட்டரங்குகளில் அதனை மிதித்தும் தட்டியும் பாடும் இளைஞர்க்கு அதனை ஆக்கியோன் பெயர் தெரியவேண்டியதில்லை. தம் காலுக்கும் கைக்கும் அங்கே வேலை உண்டு என்பதே அவர் அறிந்தது. கூத்தின் தருவையும் இப்பாட்டையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் சிலர்க்கு முறையற்றதாய்த் தோன்றலாம். ஆயினும் பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலுள்ள வேலியை இரண்டும் ஒரே வகையில் நீக்குகின்றன என்பதை மறுத்தல் அரிது.

அடுத்து நோக்கவேண்டியது பயிற்சி. ஓரூரிற் கூத்து ஆடுவதென முடிவுசெய்ததும், அண்ணாவியார் இளைஞரை ஒருங்குகூட்டி, குரலும் உடலும் நோக்கி இன்னார்க்கு இன்ன பாத்திரம் என வகுப்பார். அவரவர்க்குரிய பாட்டுப் பகுதிகளை அவரவர் கையில் ஒப்படைப்பதைச் சட்டங்கொடுத்தல் என்பர். அதன்பின் மாதக்கணக்காக இரவுதோறும் பழக்கம் நடைபெறும். தாளக்கட்டை வாயாற் சொல்லிப் பழகி, காலால் மிதித்துப் பழகி, வட்டம், எட்டு, பொடியடி, வீசாணம் முதலிய ஆட்டக்கோலங்களைக் கற்று, பின்னரே பாட்டுக்கு வருவர். சதங்கை அணியும் நாள் ஒரு விழா, முழு உடையுடன் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல் இன்னொரு விழா, அதன்பின்னரே அரங்கேற்றம். அரங்கேறிய கூத்தை வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு. ஒரே இரவின் ஆட்டத்துக்காக இத்துணைக் காலமா என்று நகரத்தார் வியப்பர். உண்மையில் அவ்வோர் இரவைக் காட்டிலும் அம்மாதங்களே கூத்தின் பெரும்பகுதி. பகலிற் கலப்பையும் தூண்டிலும் பிடித்த கை இரவிலே தருமனின் செங்கோலையோ வீமனின் தண்டாயுதத்தையோ பிடிக்கின்றது. பள்ளிக்கூடத்திற் கடைசி வாங்கில் இருந்த இளைஞன் நூற்றுக்கணக்கான அடிகளை மனப்பாடம் செய்துவிடுகின்றான். பாட்டு அவன் செவிக்கு இனிமையாய் இருந்தமையால் மட்டும் அவன் அதனைக் கற்றான் அல்லன்; அது அவன் மூச்சுக்கும் முழங்காலுக்கும் உரியதாய் ஆகிவிட்டது.

இவ்விடத்திலே றொக் இசைக்கும் கூத்திசைக்கும் உள்ள பெருவேறுபாடு புலனாகும். மேனாட்டுப் பாட்டு இசைத்தட்டில் உறைந்து நிற்பது. 1975இற் பாடிய குரல் அதே இளமையுடன், ஒரு நரையும் இன்றி, இன்றைய இளைஞனின் செவியில் வந்து விழுகின்றது. பாடியவர் மூத்திருக்கலாம், மறைந்தும் இருக்கலாம். கூத்துக்கு அத்தகைய மூலப்பதிவு கிடையாது. எது சரியான பாட்டு என்று கேட்டால், அண்ணாவியாரின் கொப்பியையும் அவர் மிடற்றையும் அன்றிக் காட்டுதற்கு வேறொன்றில்லை. அக்கொப்பியிலும் சொல் உண்டே தவிர இசை இல்லை. எனவே கூத்திசை இளமையோடு இருக்கவேண்டுமாயின் அதனைப் பாடுவோர் இளைஞராய் இருத்தல் வேண்டும். முதியவர் மத்தளத்தைப் பிடிப்பார். இளையவர் ஆடிப் பாடுவார். மேனாட்டிலே முதியவர் பாட இளைஞர் கேட்கின்றனர். இங்கே இளைஞர் பாட முதியவர் கேட்டுத் திருத்துகின்றனர். பழம்பாட்டுக்கு இளஞ்செவி கிடைக்குமா என்னும் கவலை இம்மரபிலே பெரிதும் எழாமைக்கு இதுவே காரணம். இளஞ்செவி இல்லாதவிடத்துப் பாட்டே இல்லை. நிலைபேற்றைப் பொறுத்தமட்டில் இது வலிமையும் ஆகும், பெருங்கேடும் ஆகும். ஒரு தலைமுறை கற்கத் தவறினாற் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ள இசைத்தட்டு இராது.

அத்தகைய இடர் ஒருமுறை அன்று, பலமுறை நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கற்றோர் பலர் கூத்தை நாட்டுப்புறத்தாரின் கூச்சலாக எண்ணி ஒதுக்கினர். அந்நிலையை மாற்ற முனைந்தவர் வித்தியானந்தன். 1956ஆம் ஆண்டு எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடக மரபைத் தழுவி ஆக்கிய 'மனமே' பெற்ற பெருவரவேற்பு தமிழறிஞர்க்கும் ஒரு தூண்டுகோலாயிற்று. பேராதனையிற் பயின்ற மாணவரைக் கொண்டு வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை மேடையேற்றினார். விடியும்வரை நிகழ்ந்த கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. திருப்பித் திருப்பிப் பாடுதல் குறைந்தது. பல்கலைக்கழகத்து இளைஞர் கூத்தாடுவதைக் கண்டபின்னரே படித்தோர் பலர் தம் ஊர்க் கூத்தைப் பற்றிப் பெருமையோடு பேசத் தொடங்கினர். அன்று மாணவராய் ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்திற் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்னும் விரிவான ஆய்வு நூலை 1998இல் வெளியிட்டதோடு, 'இராவணேசன்' கூத்தைத் தம் மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார்.

இச்சீர்திருத்தம் பற்றிய கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. சுருக்கிய கூத்து அழகியது, செறிவானது, பிறமொழியாளர்க்கும் காட்டத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாட்டைத் திருப்பிப் பாடுதல் வீண் என்று கருதி நீக்கப்பட்டபோது, சிறுவன் வாய் திறப்பதற்கு விடப்பட்டிருந்த இடமும் உடன் நீங்கிற்று. இருட்டரங்கில் ஒருபுறமாக அமர்ந்து பார்ப்போன் வியக்கலாம், கூடப் பாடமாட்டான். வித்தியானந்தனைக் குறைகூறுதற்கு இது போதிய காரணம் ஆகாது; அவர் வென்றெடுக்க விரும்பியது கற்றோரின் மதிப்பை, அதனை அவர் வென்றும் எடுத்தார். ஆனால் இளைஞர் மாதக்கணக்காக இரவில் ஒன்றுகூடும் களரியை மேடை ஈடுசெய்யுமா என்பது வேறு வினா. இவ்வினாவை வலியுறுத்தி எழுப்பியவர் சி. ஜெயசங்கர். அவரும் அவரோடு இயைந்த 'மூன்றாவது கண்' குழுவினரும், கூத்தை ஆடும் ஊர்மக்களே தம் கூத்தைத் தாமே ஆராய்ந்து, தம் களரியிலேயே காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் 'கூத்து மீளுருவாக்கம்' என்னும் முயற்சியைச் சீலாமுனை முதலிய இடங்களில் நடத்தினர். ஆடவரே பெண்வேடமும் பூண்டு ஆடிவந்த களரியிற் பெண்கள் ஆடுதற்கும், சிறுவர்க்கெனக் கூத்துகள் எழுதுதற்கும் இதனால் வழி பிறந்தது.

பல்கலைக்கழகச் சண்டைகளைக் காட்டிலும் கொடியது நாட்டின் போர். 1983 முதல் 2009 வரை நீண்ட அப்போர்க் காலத்தில், இரவிலே மக்கள் கூடுவதே அச்சத்துக்குரியதாய் இருந்த ஆண்டுகள் பல. களரியில் ஆடவேண்டிய வயதினர் புலம்பெயர்ந்தும் உயிரிழந்தும் போயினர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எழுவான்கரையின் ஊர்கள் பலவற்றை அழித்தது. இவற்றின் பின்னும் கன்னன்குடா முதலிய படுவான்கரை ஊர்களிற் கூத்து ஆடப்படுவதைக் கண்டு, இளைஞர் பழமையிற் பற்றுடையோர் என ஒரு சொல்லில் முடித்துவிடுதல் எளிது. அவ்விளைஞரிடமே கைப்பேசியும் உண்டு. அதிற் சென்னைத் திரைப்பாட்டும் கொழும்புப் பைலாவும் ஆங்கிலப் பாட்டும் உண்டு. கூத்தை அவர் பழமை என்று கருதித் தெரிந்தெடுக்கவில்லை. ஊரார் பார்க்க, தாயும் மாமனும் மச்சாளும் பார்க்க, ஓர் இரவு அரசனாய் நிற்கும் வாய்ப்பை வேறெந்த இசையும் அவர்க்கு அளிப்பதில்லை.

திரைப்பாட்டு வந்து கூத்தைக் கொன்றுவிடும் என்று முன்னர்ப் பலர் அஞ்சினர். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை நாளெல்லாம் திரைப்பாட்டை ஒலிபரப்பிய காலத்தில் அவ்வச்சம் நியாயமானதே. நிகழ்ந்தது வேறு. அன்று புதுமையாய் அஞ்சப்பட்ட 1950களின், 1960களின் திரைப்பாடல்களே இன்று பழம்பாடல்கள் எனப் பெயர்பெற்று, இளைஞர் நிகழ்ச்சிகளிலும் பாடப்படுகின்றன. ஒருவன் செவி ஒரே இசைக்கு மட்டும் இடங்கொடுக்கும் சிறுகுடில் அன்று.

மட்டக்களப்பு நகரிலேயே இதற்கு மற்றொரு சான்றுண்டு. போர்த்துக்கேயர் 1628இல் இங்குக் கோட்டை கட்டினர். பத்தாண்டில் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அரசு போயிற்று, பாட்டுப் போகவில்லை. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தம் கலப்புமொழிப் பாடல்களையும் 'கஃப்ரிஞ்ஞா' என்னும் ஆட்டத்தையும் வயலின் முதலிய கருவிகளுடன் இன்றளவும் திருமணங்களிற் பேணி வருகின்றனர். அம்மொழியை வீட்டிற் பேசுவோர் அருகிவிட்டனர். பொருள் முற்றும் விளங்காத இளையோரும் ஆட்டத்தின் முறையறிந்து இணையோடு இணையாய் நின்று ஆடுவர். ஆடுவோர் நிற்கவேண்டிய இடத்தை ஆட்டமே வகுத்து வைத்துள்ளது. மொழி தளர்ந்த பின்னும் தாளம் தாங்கி நிற்கும் இந்நிலை, கூத்தைக் காப்பதற்கு நூலைப் பதிப்பித்தால் மட்டும் போதும் என எண்ணுவோர் கருத்திற் கொள்ளத்தக்கது.

நூற்பதிப்பு வேண்டாததன்று. தி. சதாசிவ ஐயர் 1940ஆம் ஆண்டு 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்னும் தொகுப்பை வெளியிட்டிராவிடின் அழிந்திருக்கக்கூடிய பாடல்கள் பல. வசந்தன், கூத்துக்கு முன்படி போன்றது. சிறுவரும் இளைஞரும் வட்டமாய் நின்று, கையிற் கோல்பிடித்து, பாட்டுக்கு இசைய ஒருவர் கோலில் ஒருவர் அடித்து ஆடுவர். பயிர்த்தொழிலைப் பற்றியும் தெய்வங்களைப் பற்றியும் அமைந்த அப்பாடல்களைக் கவித்திரட்டிற் படிக்கும்போது இனிய எளிய செய்யுள்கள் என்ற அளவிலே மதிக்கத் தோன்றும். கோலும் கையுமாய் நிற்கும் பிள்ளைக்கோ அது செய்யுள் அன்று. அடுத்த அடியில் எதிரே வரும் கோலைத் தன் கோலால் ஏற்கவேண்டிய கணக்கு. தவறினால் விரலில் விழும். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும், மாவட்டத்துப் பள்ளிக்கூட விழாக்களிலும் வசந்தன் இன்று கற்பிக்கப்படுகின்றது. அங்குக் கற்கும் பிள்ளைகள் சிலர் விடுமுறைக்கு ஊர் திரும்பியதும், வயதில் மூத்த அண்ணாவிமாரிடம் சென்று, நிறுவகத்திற் படித்த அடியையும் ஊரில் வழங்கும் அடியையும் ஒப்பிட்டு, எது சரியென வழக்காடுவதும் உண்டு. அண்ணாவியார் பெரும்பாலும் சொல்லால் விடை கூறுவதில்லை. மத்தளத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்.